பாட்டில்லாத படத்துக்கு யார் பொறுப்பு?

தமிழில் பழைய படமொன்று உயிரோடு இருப்பது பெரும்பாலும் அதன் பாட்டால்தான். கதை மறந்து, நடித்தவர் பெயர் மறந்து, கடைசியில் ரேடியோவிலும் டிவியின் பழைய பாடல் நிகழ்ச்சியிலும் மூன்று நிமிடப் பாட்டாக அது மிஞ்சும். பாட்டே இல்லாத படத்துக்கு அந்த வழியும் கிடையாது. ஏவி.எம். தயாரிப்பில் எஸ்.பாலசந்தர் இயக்கி, 1954 ஏப்ரலில் வெளியான ‘அந்த நாள்’ அப்படிப்பட்ட படம். ஜப்பான் விமானம் குண்டு போட்ட 1943-ம் ஆண்டுச் சென்னையில், சிவாஜி கணேசன் நடித்த ராஜன் என்ற ரேடியோ இன்ஜினியர் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். மனைவி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்ல, படத்தை எழுதிய ஜாவர் சீதாராமனே சிஐடி அதிகாரியாக வந்து விசாரிக்கிறார். அன்று பாராட்டு கிடைத்த அளவுக்கு வசூல் கிடைக்கவில்லை. இன்று சினிமா வரலாறு பேசுவோர் எல்லோரும் இதன் பெயரைச் சொல்கிறார்கள்; ஆனால் தெளிவான பிரதியில் பார்த்தவர்கள் சொற்பம். இதுபோன்ற கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களைச் சீரமைத்து வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பைச் சந்தையிடம் விட்டுவிட முடியாது. அதை அரசுதான் ஏற்க வேண்டும்.

புராணப் படமோ குடும்பப் படமோ மங்கலான பிரதியில் ஓடினாலும் வசனத்தைப் பிடித்துக்கொண்டு கதையைப் பின்தொடர்ந்துவிடலாம். துப்பறியும் படத்தில் அது நடக்காது. அங்கே துப்பு இருப்பதே நிழலுக்குள்தான். ‘அந்த நாள்’ படத்தில் ஒரே கொலையை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு விதமாகச் சொல்ல, ஒளிப்பதிவாளர் மாருதிராவின் கேமரா அதற்கேற்பக் கோணத்தையும் வெளிச்சத்தையும் மாற்றுகிறது. அந்தச் சின்னச் சின்ன வித்தியாசங்களைப் பார்த்துத்தான் யார் பொய் சொல்கிறார்கள் என்று ரசிகர் யோசிக்க வேண்டும். டிவிக்காக டேப்பில் ஏற்றி, அங்கிருந்து விசிடிக்கு இறக்கி, பிறகு இணையத்துக்குப் போன பிரதியில் இருட்டெல்லாம் ஒரே கரியாகிவிடும். பாதி நிழலில் நிற்கும் முகத்தில் கண் தெரியாது; மூலையில் இருக்கும் பொருளின் மேல் வீடியோ கம்பெனியின் லோகோ உட்கார்ந்திருக்கும். பாட்டில்லாத படத்தில் அமைதிக்கும் வேலை உண்டு. ஒலித்தடத்தின் இரைச்சல் அந்த அமைதியையும் தின்றுவிடும். சாட்சியத்தில் மை கொட்டிவிட்டு வழக்கை விசாரிக்கச் சொல்வதைப் போன்றது இது.

தயாரிப்பு நிறுவனங்களே சீரமைக்கட்டும் என்பார்கள். 2012-ல் டிஜிட்டலில் புதுப்பித்து மறுவெளியீடு செய்த ‘கர்ணன்’ நூறு நாளைத் தாண்டி ஓடியதை உதாரணம் காட்டுவார்கள். ஆனால் ‘கர்ணன்’ வண்ணப்படம். புராணக் கதை, நட்சத்திரக் கூட்டம், ஊரறிந்த பாடல்கள் எல்லாம் அதில் இருந்தன. பாட்டில்லாத கொலைக்கதைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளுக்குத்தான். அதன்படி 1954-ல் வந்த படங்கள் 2015 ஜனவரி முதலே பொதுச்சொத்து. நாளை யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்கக்கூடிய படத்தில் இன்று எந்த முதலாளி பணம் போடுவார்? ஊர்ச்சொத்து என்று ஆன பின்பு, அதைப் பழுது பார்ப்பதும் ஊர்ச்செலவாகத்தான் இருக்க முடியும்.

அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் இருந்தது. 1950-ல் வந்த ‘உமன் ஆன் தி ரன்’ என்ற கறுப்பு வெள்ளைக் குற்றப்படம் பொதுச்சொத்தாகி, மட்டமான பிரதிகளில்தான் கிடைத்துவந்தது. யுனிவர்சல் நிறுவனத்தில் இருந்த நல்ல பிரதி 2008 தீவிபத்தில் அழிந்தது. லாப நோக்கமில்லாத ஃபிலிம் நுவார் ஃபவுண்டேஷன், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆவணக்காப்பகத்தோடு சேர்ந்து, பிரிட்டனில் எஞ்சியிருந்த மூலத்தைக் கொண்டு படத்தை மீட்டது. 2016-ல் அது புளூரேயாகவும் டிவிடியாகவும் வீடுகளுக்கு வந்தது. அதைச் சந்தை செய்யவில்லை. அறக்கட்டளையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தன.

யூடியூபில்தான் இலவசமாகக் கிடைக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். நகலின் நகல் எத்தனை இருந்தாலும் மூலத்துக்கு ஈடாகாது. அசிட்டேட் படச்சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் வினிகர் வாடை வீசிச் சுருங்கிப்போகும். சென்னையின் தட்பவெப்பத்தில் அதற்கு அதிக காலம் பிடிக்காது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் காத்திருக்க, சினிமாவுக்குச் செலவா என்ற கேள்வி இன்னும் கனமானது. ஆனால் தமிழ்நாடு அரசு திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லியை அடுத்து, ரூ.500 கோடியில் நவீனத் திரைப்பட நகரம் அமைப்பதாக 2024-ல் அறிவித்துவிட்டது. புதுப்படம் எடுக்க அவ்வளவு பெரிய திட்டம் என்றால், அதில் குளிரூட்டிய காப்பறைக்கும் தரமான ஸ்கேனருக்கும் ஒரு பங்கு கேட்பது பேராசையல்ல. சீரமைப்பு என்ற பெயரில் முகங்களை மெழுகுபோல வழித்துவிடுகிறார்கள், வண்ணம் பூசிக் கெடுக்கிறார்கள் என்ற அச்சம் நியாயமானதே. ஸ்கேன் செய்த மூலத்தை அப்படியே பாதுகாத்து, எதை மாற்றினோம் என்பதையும் வெளியிட்டால் தவறு நேர்ந்தாலும் திருத்திக்கொள்ளலாம்.

தியேட்டரில் ஒருநாள் சிறப்புக் காட்சி, திரைப்பட விழாவில் ஒரு மாலை என்று நிறுத்திக்கொண்டால் போதாது. திரைப்பட நகரம் வரும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து அறைக்குத் திரும்பும் தொழிலாளியால் சுமார் 45 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்கு, மாலை ஆறு மணிக் காட்சி பார்க்கப் போக முடியாது. அவருக்குக் கைபேசியும் வீட்டு டிவியும்தான் தியேட்டர். எனவே காப்பறையில் சேரும் ஒவ்வொரு பொதுச்சொத்துப் படமும், சீரமைத்த கையோடு இணையத்தில் இலவசமாக, லோகோ இல்லாமல், தமிழ் வசன வரிகளோடு வெளிவர வேண்டும் என்று அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும். எந்தப் படத்தில் தொடங்குவது என்பதிலும் குழப்பம் வேண்டாம். பாட்டு இருக்கும் படங்களைப் பாட்டு பார்த்துக்கொள்ளும். வரிசையில் முதலில் நிற்க வேண்டியவை பாட்டில்லாத படங்கள்.