இலக்கணமும் மோட்டார் சைக்கிளும்

மோட்டார் சைக்கிளைப் பற்றித் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுதல் அன்பர் சிலருக்கு நகை விளைக்கலாம். நகைப்போர் நகைக்க. உந்துருளி என்னும் நல்ல சொல் செய்தித்தாள்களில் உலவுகின்றது. ஆயினும் வீதியில் மோட்டார் சைக்கிள் என்றே வழங்குதலின் யானும் அவ்வாறே எழுதுகின்றேன். வழக்கைத் தழுவுதல் இலக்கண நூலாருக்கும் உடன்பாடே.

ஆசிரியர் கூடும் இடங்களில் ஒரு முறைப்பாடு அடிக்கடி காதில் விழுகின்றது. மாணவரின் அறிவை இவ்வூர்தி கெடுக்கின்றது என்பர். யான் ஒப்பேன். தன் ஊர்தியை நேசித்து அதன் உறுப்புக்களை அறிந்த மாணவன் ஏற்கெனவே ஒரு நூலைக் கற்றவனாகின்றான். அந்நூலை நாம் திறந்து பார்த்ததில்லை.

முதலில் இன்பத்தைச் சொல்வேன். பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவுப்பகுதிக்கு மாலைவேளையிற் சென்றோர் இதனை அறிவர். இருமருங்கும் கடனீரேரி, உப்புக்காற்று முகத்தில் அறையும், சேற்றின் மணம் மூக்கைத் துளைக்கும், ஓடுவோனும் ஊர்தியும் ஓருடலாய்ச் சாய்ந்து நிமிர்வர். இச்சாய்வில் ஒரு புதுமை உண்டு. ஓரளவு விரைந்து செல்லும்போது இடப்பக்கந் திரும்ப விரும்புவோன் இடக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ளுகின்றான். ஊர்தி இடப்பக்கஞ் சாய்ந்து திரும்புகின்றது. முரண்போலத் தோன்றும் இதனைப் பெரும்பாலோர் அறியாமலே செய்கின்றனர். வேற்றுமை உருபின் பெயரறியாத குழந்தை அதனைப் பிழையின்றி இட்டுப் பேசுதல் போன்றதே இது.

இவ்வின்பத்தையும் அறிவையும் ஒருங்கே நூலாக்கியவர் நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரே. றொபேட் பேர்சிக் என்னும் அமெரிக்கர் மொன்டானாவில் உள்ள கல்லூரியொன்றிற் கட்டுரை எழுதக் கற்பித்தவர். 1968 ஆம் ஆண்டுக் கோடையிலே தம் மகனைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு, மின்னசோட்டாவிலிருந்து கலிபோர்ணியா வரை 305 சீ.சீ. ஹொண்டா ஒன்றிற் சென்றார். பெருவீதிகளை விடுத்துச் சிறு வீதிகளையே நாடினார். அப்பயணத்தைக் கொண்டு அவர் எழுதிய நூலை 121 பதிப்பாளர் மறுத்தனர். 1974 இல் அது வெளிவந்தபோது இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. நூலின் பெயரிற் சென் பௌத்தமும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பும் உள. ஆயின் இரண்டைப் பற்றியும் திருத்தமான செய்தியை இங்கே தேடற்க என முகப்பிலேயே எச்சரித்துவிடுகின்றார். இத்தகைய நேர்மை நம் உரையாசிரியர் சிலருக்கும் இருந்திருக்கலாம்!

அந்நூலில் ஒரு நிகழ்ச்சி. உடன்சென்ற நண்பருடைய விலையுயர்ந்த ஜேர்மன் ஊர்தியிற் கைப்பிடி தளர்ந்துவிடுகின்றது. பியர்த் தகரத்தில் ஒரு மெல்லிய துண்டை வெட்டி இடையிற் செருகினாற் போதும் என்கின்றார் பேர்சிக். நண்பருக்கோ மனம் ஒருப்படவில்லை. ஒருவர் தகட்டின் தன்மையைப் பார்த்தார். மற்றவர் அது வந்த இடத்தைப் பார்த்தார். பிறிதோரிடத்தில் ஊர்தியை உறுப்பாகவும் உறுப்பின் தொழிலாகவும் பகுத்து, பகுத்தவற்றை மேலும் பகுத்துச் செல்கின்றார். நடந்தனன் என்னும் பகுபதத்தை ஆறு உறுப்பாகப் பிரித்துப் பழகிய நன்னூல் மாணவனுக்கு இம்முறை புதியதன்று.

தகரத் துண்டின் கதையைப் படித்தபோது எனக்கு என் அம்மானின் நினைவு வந்தது. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் வருதல் தடைப்பட்டது. அம்மானின் பழைய ஹொண்டா மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த என்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலாற் காபரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு உதைத்தல் வேண்டும். சூடேறியபின் மண்ணெண்ணெய் தொடரும். புகை ஒழுங்கையை மூடும். புளக்கிற் கரி படியும். கழற்றித் தேய்த்து மீண்டும் பூட்டல் வேண்டும். சிறு குப்பியில் இருந்த பெற்றோலை அம்மான் நெய்யினும் அருமையாகக் காத்தார். அயல்வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் முற்றிய ஓரிரவில் அவ்வூர்தி இருமுறை நின்றது. அம்மான் புளக்கைத் தேய்க்க, குழந்தையை மடியில் வைத்திருந்த தாய் கைவிளக்கைப் பிடித்தாள். வைத்தியசாலைக்கு உரிய நேரத்திற் சேர்ந்தோம். அன்று எம்மைக் காத்தது வேகமன்று. என்சினின் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்த கை.

சைலன்சரைக் கழற்றி ஊரையே எழுப்பும் பிள்ளைகளுக்காக யான் வாதாட வரவில்லை. தலைக்கவசத்தைக் கைப்பிடியிற் கொழுவிச் செல்வோருக்காகவும் அன்று. அவர்கள் ஏறியிருக்கும் பொருளை அவர்களே அறியார்.

என் வகுப்பிலே கட்டுரையில் எப்பொழுதும் பின்தங்கும் மாணவன் ஒருவன் இருந்தான். இவனுக்கு இலக்கியம் வேண்டாம், விட்டுவிடலாம் என்று உடனாசிரியர் கூறினர். ஒருநாள் வீதியோரத்தில் நின்றுவிட்ட என் மோட்டார் சைக்கிளை அவன் கால்மணி நேரத்திற் செப்பஞ்செய்து தந்தான். செய்ததை அப்படியே எழுதிவா என்றேன். இரண்டு பக்கம் எழுதிவந்தான். எது முன், எது பின் என்ற ஒழுங்கு வழுவவில்லை. மிகைபடக் கூறலும் இல்லை. வகுப்பில் அதற்கே உயர்ந்த புள்ளி இட்டேன். பாதிச் சொற்கள் தமிழல்லவே என்று உடனாசிரியர் ஒருவர் குறைபட்டார். அது மெய்யே. கட்டுரையின் ஈற்றிலோ, பண்டிதர் ஐயா ஒயில் மாற்றி நெடுநாளாயிற்று என்று எழுதப்பட்டிருந்தது. அதுவும் மெய்யே.