யாரு செஞ்சு குடுத்தா?

கல்லூரி ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரம், இளங்கலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி துறைக்கு வந்து தன் கைபேசியை என் மேசைமேல் வைத்தாள். பள்ளிபாளையம் பக்கத்துப் பெண். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறி. "ஒரு பாட்டுங்க மேடம். பாட்டுன்னா பாட்டு இல்லீங்க, சத்தந்தான். கேட்டுப் பாருங்க" என்றாள்.

மூன்று நிமிடம் ஓடியது. முதலில் ஒரு தறி. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடும் ஓசை. பிறகு இரண்டாவது தறி, சற்றே பிந்திய தாளத்தில். அதன்மேல் பம்பை. அடியில் வயிற்றை உலுக்கும் தாழ்ந்த ஒலி ஒன்று. நடுவில் சட்டென்று எல்லாம் நின்றுபோக, "கரண்டு போயிருச்சு" என்கிறது ஒரு பெண் குரல். மறுபடி தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. நிமிர்ந்து பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி இது: "யாரு கண்ணு செஞ்சு குடுத்தா? அண்ணனா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "இல்லீங்க மேடம். நாந்தான் செஞ்சன்."

அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான் என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஏனென்றால் அது என் மீதும் எறியப்பட்ட கேள்வி. என் முதல் கவிதைத் தொகுப்பு வந்தபோது, ஒரு கூட்டத்தில் மூத்த எழுத்தாளர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "உங்க வீட்டுக்காரரும் எழுதுவாரோ?" என்றார். என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் கோழித்தீவன வியாபாரம் செய்கிறவர். கவிதை என்றால் கொட்டாவி விடுகிற நல்ல மனிதர். முனைவர் பட்டம் வாங்கியபோது, "நெறியாளர் நல்லா எழுதிக் குடுத்துட்டாரு போல" என்று ஒரு சக ஆசிரியர் சொன்னது என் காதுக்கு வந்தது. இரண்டு முறையும் நான் இரவெல்லாம் தூங்கவில்லை. அப்படிப்பட்ட நானே அந்தப் பெண்ணிடம் அதைக் கேட்டேன். கருவி என்று ஒன்று வந்தவுடன், அதை ஒரு ஆண்தான் இயக்கியிருக்க வேண்டும் என்று என் வாய் தானாகவே முடிவு செய்துவிட்டது.

இந்தக் கேள்வியை உலக மேடையில் வைத்து எதிர்கொண்ட ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறார். மாதங்கி அருள்பிரகாசம், உலகம் அறிந்த பெயர் எம்.ஐ.ஏ. 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குப் போய், போருக்கு நடுவே வளர்ந்து, பத்து பதினொரு வயதில் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன் திரும்பியவர். தாய் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மகள் படித்தது நுண்கலையும் திரைப்படமும். இசைப் பள்ளிக்குப் போனதில்லை.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு ராக் குழுவின் பயணத்தைப் படமெடுக்கப் போன இடத்தில், பீச்சஸ் என்ற பெண் இசைக்கலைஞர் அவருக்கு ஒரு பெட்டியை அறிமுகம் செய்தார். ஜப்பானிய நிறுவனமான ரோலண்ட் தயாரித்த எம்சி-505. தாளம், அடியொலி, சுரம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்கி, அடுக்கியதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஓடும்போதே மாற்றலாம். நீயே செய்து பார் என்று தூண்டியவரும் ஒரு பெண்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதங்கி தோழி ஒருவரிடமிருந்த 505இல் பழகினார். அந்தப் பெட்டியையும் பழைய நான்கு தட ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் ஒரு மைக்கையும் வைத்துக்கொண்டு ஆறு பாடல்களை மாதிரிப்பதிவு செய்தார். அதிலிருந்து வளர்ந்த "கலாங்" 2003இல் வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. 2005இல் முதல் தொகுப்பு, தந்தையின் இயக்கப் பெயரில், "அருளர்". 2007இல் இரண்டாவது, தாயின் பெயரில், "கலா".

"அருளர்" புகழ்பெற்றதும் கேள்வி கிளம்பியது. பின்னால் யார்? மேற்கத்திய இசை இதழ்கள் ஒரு விடையையும் கையோடு கொண்டுவந்தன: டிப்லோ. அன்று அவரோடு நட்பிலும் காதலிலும் இருந்த அமெரிக்க டிஜே. அவர் அந்தத் தொகுப்பில் தயாரித்தது "பக்கி டன் கன்" என்ற ஒரு பாடல். மற்றவற்றில் வேலை செய்தவர்கள் வேறு பலர். அத்தனைக்கும் அடியில் இருந்தவை மாதங்கியே அந்தப் பெட்டியில் போட்டுவைத்த வரைவுகள். ஆனாலும் ஒலியின் சூத்திரதாரி டிப்லோ என்றே எழுதப்பட்டது. 2007இல் பிட்ச்ஃபோர்க் இதழின் நேர்காணலில் மாதங்கி பொறுமையிழந்து இதை வெளிப்படையாகவே மறுத்தார். நல்லது எதையும் ஒரு ஆண்தான் செய்திருப்பான் என்று எழுதுகிறவர்கள் எண்ணுவதைச் சுட்டினார். எட்டு ஆண்டு கழித்து, 2015இல், ஐஸ்லாந்தின் பியோர்க் அதே இதழில் அதே குறையைச் சொன்னார். அவரும் ஆர்கா என்ற இளைய கலைஞரும் சேர்ந்து தயாரித்த தொகுப்பை, ஆர்கா மட்டுமே தயாரித்ததாக எழுதிவிட்டிருந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் துறையில் நின்ற பெண்ணுக்கே இந்தக் கதி.

"கூட்டாகத்தானே செய்தார்கள், இதில் என்ன குறை?" என்று கேட்பவர்கள் உண்டு. சரி, கூட்டாகத்தான் செய்தார்கள். மின்னணு இசை எப்போதுமே கூட்டு வேலை. நம் திரையிசையும் அப்படித்தான். ஒரு ஆண் இசையமைப்பாளரிடம் வாத்தியக்காரர்கள், தாளத்தை நிரலாக்குபவர், ஒலிப்பொறியாளர் என்று ஒரு படையே வேலை செய்யும். அந்தப் படையைப் பார்த்து நாம் "எத்தனை பேரைக் கட்டி மேய்க்கிறார்!" என்று வியக்கிறோம். ஒரு பெண்ணோடு இரண்டு பேர் வேலை செய்தால் "அவங்க ரெண்டு பேரும் செஞ்சு குடுத்திருப்பாங்க" என்கிறோம். உடன் உழைப்பவர்கள் இருப்பது ஆணுக்கு அதிகாரத்தின் சான்று, பெண்ணுக்கு இயலாமையின் சான்று. இந்த இரட்டைத் தராசைத்தான் உடைக்கச் சொல்கிறேன்.

"பொண்ணுங்களுக்கு மிஷினு வராது" என்ற பழைய பல்லவியையும் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தின் டீலியா டெர்பிஷைர் கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வேலைக்கு வைப்பதில்லை என்று டெக்கா நிறுவனம் அவரைத் திருப்பி அனுப்பியது. பிறகு பிபிசியில் சேர்ந்து, 1963இல், "டாக்டர் ஹூ" தொடரின் முகப்பிசையை ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி உருவாக்கினார். மெட்டை எழுதிய ரான் கிரைனரே டீலியாவுக்கும் பெயர் தர வேண்டும் என்றார். நிறுவன விதி இடம் தரவில்லை. தொடரில் டீலியாவின் பெயர் திரையில் வந்தது 2013இல். அவர் 2001இலேயே இறந்துவிட்டார்.

ஜப்பானுக்கு வாருங்கள். ஹிரோகோ ஒகுதா, இசைக் கல்லூரியில் படித்து முடித்தவுடன் 1980இல் கேசியோவில் சேர்ந்தவர். 1981இல் வந்த எம்டி-40 என்ற சிறு கீபோர்டுக்குள் வைக்க ஒரு தாளத்தை அவர் அமைத்தார். பொத்தானை அமுக்கினால் தானே ஓடும் தாளம். 1985இல் ஜமைக்கா இளைஞர்கள் அதை அமுக்கிப் பார்த்து, அதன்மேல் "ஸ்லெங் டெங்" பாடலைக் கட்டினார்கள். ரெகே இசை கணினி யுகத்துக்குள் நுழைந்தது அந்தத் தாளத்தின் தோளேறித்தான். பாடல் உலகம் சுற்றியது. ஒகுதாவின் பெயர் வெளியே வரப் பல ஆண்டுகள் பிடித்தன.

இந்தியாவிலும் உண்டு. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் ஒரு மின்னணு இசைக்கூடம் திறக்கப்பட்டது. மூக் சின்தசைசர் வந்து இறங்கிய அந்தக் கூடத்தில் இசை செய்தவர்களில் ஒருவர் கீதா சாராபாய், பெண்கள் தொடாத பக்காவஜ் என்ற தாளக்கருவியை வாசித்தவர். அவர் 2011இல் இறந்தார். அந்த ஒலிநாடாக்கள் இசைத்தொகுப்பாக வெளிவந்தது அதற்கும் பிறகுதான்.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 2024 ஜனவரி 25 அன்று பவதாரிணி இறந்தார். "இளையராஜாவின் மகள், தேசிய விருது பெற்ற பாடகி" என்றே நாமெல்லாம் அஞ்சலி எழுதினோம். இரண்டும் உண்மை. ஆனால் ரேவதி இயக்கிய "மித்ர், மை ஃபிரண்ட்" படத்துக்கு 2002இல் இசையமைத்தவர் அவர். ஒளிப்பதிவு ஃபவுசியா ஃபாத்திமா, படத்தொகுப்பு பீனா பால் என்று பெண்கள் கருவிகளைக் கையில் எடுத்த படம் அது. இசையமைப்பாளர் என்ற சொல்லை நம் அஞ்சலிகளில் எத்தனையாவது வரியில் வைத்தோம்? பாடினால் பெண்ணுக்கு இடம் உண்டு. குரல் உடம்பிலிருந்து வருவது, அது இயற்கை, அதைக் கொண்டாடலாம். ஒலியை அடுக்குவதும் வெட்டுவதும் கலப்பதும் அறிவு. அங்கே போனால்தான் அப்பாவையும் அண்ணனையும் தேடுகிறார்கள்.

இந்தச் சேலம், நாமக்கல் சமவெளியில் ஆடி மாதம் ஒரு மாரியம்மன் பண்டிகைக்கு வந்து பாருங்கள். பம்பை அடிப்பது ஆண். ஸ்பீக்கர் செட் கட்டுவது ஆண். கல்யாண மண்டபத்தில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மிக்ஸர் முன்னால் நிற்பதும் ஆண். தீச்சட்டி எடுப்பதும், சாமி வந்து ஆடுவதும், கல்யாணத்தில் குத்தாட்டம் போடுவதும் பெண்கள். சத்தம் நம் உடம்புக்குள் புகலாம். சத்தத்தின் குமிழை நாம் திருகக் கூடாது. ஆனால் இதே ஊரில் என் மாணவியின் தாய் நான்கு தறிகளைக் காதால் ஓட்டுகிறார். முதுகு காட்டி நிற்கும்போதே எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று சத்தம் மாறுவதை வைத்துச் சொல்லிவிடுவார். இத்தனை ஆண்டு எந்திர ஒலி கேட்டுத் தேர்ந்த காதுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் "கூலியாள்".

மாதங்கியைத் தெய்வமாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பிற்காலத்தில் பேசிய பலவற்றில் எனக்கு உடன்பாடு இல்லை. "கலா" தொகுப்பில் நம் உறுமி அதிர்கிறது. சென்னைக்கு வந்து நம் தாளக் கலைஞர்களை வைத்துப் பதிவுசெய்த ஒலி அது. அந்த உறுமிக்காரர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? "பேப்பர் பிளேன்ஸ்" பாடலில் தி கிளாஷ் குழுவின் இசையை எடுத்தாண்டதற்கு அந்த வெள்ளைக்காரக் குழுவினரின் பெயர்கள் முறையாகப் பாடலாசிரியர் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே யாருக்குப் பெயர் என்ற கேள்வியை அவரிடமும் கேட்க வேண்டும், கேட்கலாம். ஆனால் ஒரு பெண் செய்ததை அவள் செய்தாள் என்று ஒப்புக்கொள்ள, அவள் நல்லவளாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. உழைப்புக்கு நற்சான்றிதழ் கேட்பதும் நம்மிடம் மட்டும்தான்.

2009இல் ரகுமானோடு சேர்ந்து உருவாக்கிய "ஓ... சாயா" ஆஸ்கருக்கும், "பேப்பர் பிளேன்ஸ்" கிராமிக்கும் பரிந்துரை பெற்றிருந்த நேரத்தில், நிறைமாத வயிற்றோடு கிராமி மேடையேறினார். மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது. தமிழ்நாட்டில் இன்றும் பலருக்கு அவர் "ரகுமான் பாட்டுல பாடுன சிலோன் பொண்ணு". அந்தப் பாட்டை ரகுமானோடு சேர்ந்து எழுதியவர் என்பது காதில் ஏறுவதில்லை.

அடுத்த நாள் அந்த மாணவியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: "எப்படிச் செஞ்ச?" அவள் கைபேசியில் ஒரு செயலியைத் திறந்தாள். வண்ண வண்ணப் பட்டைகள் அடுக்கடுக்காக. இது அம்மா தறி, இது சித்தி தறி, இது பண்டிகையில பதிஞ்ச பம்பை, இந்தத் தாழ்ந்த சத்தம் தறி மோட்டார்தானுங்க, வேகத்தைக் குறைச்சிட்டேன் என்று முக்கால் மணி நேரம் சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. "கரண்டு போயிருச்சு" அவள் அம்மாவின் குரல்.

தோழிகளே, நம்மிடம் ஒரு பெண் எதையாவது செய்து கொண்டுவந்து காட்டினால், "யாரு?" என்று கேட்காதீர்கள். "எப்படி?" என்று கேளுங்கள். "யாரு?" என்பவர் பின்னால் ஒளிந்திருக்கும் ஆணைத் தேடுகிறார். "எப்படி?" என்றால் எதிரில் நிற்பவள் பேசத் தொடங்குவாள்.

விழா அழைப்பிதழின் மெய்ப்பு என்னிடம் வந்தபோது, அவள் நிகழ்ச்சிக்கு நேரே "பாடல்: மாணவி" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு "இசையமைப்பு" என்று எழுதி, அவள் பெயரையும், ஒலி தந்தவர்கள் என்று அவள் அம்மாவின் பெயரையும் சித்தியின் பெயரையும் சேர்த்தேன். இடம் பத்தாது என்றார்கள். சிறப்பு விருந்தினரின் பட்டங்களில் இரண்டை எடுத்தால் பத்தும் என்றேன்.