இரண்டு மாதச் செலவை யார் கொடுப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. கணக்குப்பதிவியல் வாத்தியார் எழுதுவது என்பதால் நடுவில் கணக்கும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை சொன்னேன். எம்.பி.ஏ. படிக்கும் பிள்ளைகள் முதல் வருடம் முடிந்ததும் கோடையில் சில வாரம் எங்காவது பயிற்சிக்குப் போக வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மகளிர் குழுக் கூட்டமைப்பு, தர்ம ஆஸ்பத்திரி என்று சம்பளம் கொடுக்க வழியில்லாத இடங்களுக்குப் போக ஒரு பிள்ளை ஆசைப்பட்டால், அந்தச் செலவை நாம் சேர்ந்து ஏற்போம் என்றேன். அவ்வளவுதான். வங்கியில் மேலாளராக இருக்கும் தம்பி ஒருவர் உடனே எழுதினார்: "எம்.பி.ஏ. படிக்கிறவனுக்கு எதுக்கு சார் தர்மம்? நாளைக்கு நம்மளவிட அதிகமா சம்பாதிப்பான். பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு நோட்டு வாங்கிக் கொடுப்போம்." பதினேழு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். என் அக்கா மகனும் அதில் ஒருவன்.

அங்கே நான் பதில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் என்னிடம் படித்த ஒரு பெண், கல்விக் கடன் வாங்கி எம்.பி.ஏ. சேர்ந்தவள், கோடை விடுமுறைக்கு முன் என் வீட்டுக்கு வந்தாள். அம்மா பீடி சுற்றுகிறவர். அப்பா லோடுமேன். அவளுக்கு முன்னால் இரண்டு இடம். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு நிறுவனம், "வாம்மா, மத்தியானச் சாப்பாடு போடுவோம், சம்பளம் கொடுக்க இயலாது" என்றது. இன்னொன்று வெளியூரில் ஒரு தனியார் நிதி நிறுவனம். மாதம் பன்னிரண்டாயிரம். "சார், ரெண்டுல எதுக்குப் போகட்டும்?" என்றாள். அவள் முகத்திலேயே தெரிந்தது, மனசு எலுமிச்சைப் பக்கம்தான் என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சேவை செய்ய வயசு கிடக்கு. முதல்ல காசு வர்ற இடத்துக்குப் போ."

போனாள். எட்டு வாரமும் வண்டித் தவணை கட்டாதவர்களுக்குப் போன் போடுகிற வேலை. திரும்பி வந்து சொன்னாள்: "படிச்சது ஒண்ணும் ஆகல சார். திட்டு வாங்கப் படிச்சுக்கிட்டேன்."

சரி, அந்த எலுமிச்சை நிறுவனத்துக்கு என்ன ஆனது? அதில் பங்குதாரரான என் சித்தப்பா மகனோடு அடுத்த வருடம் போய்ப் பார்த்தேன். கணக்கர் வேலையை விட்டுப் போய் நாளாகியிருந்தது. கொள்முதலைத் தினக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி நூலில் கோர்த்து வைத்திருந்தார்கள். கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனம் ஆண்டுக் கணக்கையும் ஆண்டு அறிக்கையையும் குறித்த நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். பெரிய கம்பெனிக்கும் அதே 100, எலுமிச்சை பறிக்கிறவர் கம்பெனிக்கும் அதே 100. இவர்கள் எட்டு மாதம் தாமதம். நீங்களே பெருக்கிப் பாருங்கள்: இரண்டு படிவம், 240 நாள், 48,000 ரூபாய். கமிஷன் கடைக்குப் பயந்து ஆளுக்கு ஆயிரம் போட்டுச் சேர்த்த பங்குப் பணத்தில் நாற்பத்தெட்டுப் பேருடையது அப்படியே போயிற்று.

அந்தப் பெண் அங்கே போயிருந்தால் அறை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்கு 25,000 ஆகியிருக்கும். ஒழுங்கான பேரேடு போட்டு, ஆடிட்டர் கையில் கொடுத்திருப்பாள். ஐந்தொகை தயாரிக்க அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். 25,000 இல்லாமல் 48,000 போயிற்று. தம்பி, வங்கிக்காரரே, இதை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? தர்மமா?

10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்குவோம் என்று மத்திய அரசு 2020-இல் திட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொன்றுக்கும் மூன்று வருடத்துக்கு 18 லட்சம் வரை உதவி. பிறகு சொந்தக் காலில் நிற்க வேண்டும். விதை, உரம், கடன் எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறோம். விலை கணக்கிடவும், சரக்கை எப்போது விற்பது என்று பார்க்கவும், கணக்கு எழுதவும் தெரிந்த ஆள் எங்கிருந்து வருவார் என்று யாரும் கேட்பதில்லை.

மருத்துவம் படித்த பிள்ளை ஜி.எச்.சில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் வருடத்தில் அரசு உதவித்தொகை கொடுக்கிறது. நாளைக்கு டாக்டர் லட்சம் லட்சமாகச் சம்பாதிப்பார், இப்போது எதற்கு என்று யாராவது கேட்கிறோமா? 2024 பட்ஜெட்டில் பிரதமரின் பயிற்சித் திட்டத்தை அறிவித்தபோது மாதம் 5,000 ரூபாய் என்றார்கள். யாருடைய அலுவலகத்தில் உட்கார? நாட்டின் முதல் 500 கம்பெனிகளில். அதிலும் முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இடமில்லை என்றுதான் விதி போட்டார்கள். பெரிய கம்பெனிக்குப் பிள்ளை அனுப்ப அரசு காசு தரும். எலுமிச்சைக்காரனுக்கு அனுப்ப யாரும் தரமாட்டார்கள்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மேலாண்மைப் பள்ளியில் மாணவர்களே நடத்தும் ஒரு நிதி பல வருடங்களாக இருக்கிறது. நல்ல சம்பளத்துக்குக் கோடை வேலைக்குப் போகிறவர்கள், பொதுநல வேலைக்குப் போகும் வகுப்புத் தோழர்களுக்காகத் தங்கள் பங்கைப் போடுகிறார்கள். வசதியான ஊரிலேயே இப்படி ஒரு நிதி தேவைப்படுகிறது என்றால் நம் ஊரில் என்ன நிலைமை? இன்றைக்கு அப்பா பணம் அனுப்பும் பிள்ளைக்குத்தான் சேவை செய்யக் கொடுத்துவைத்திருக்கிறது. எலுமிச்சை முள் குத்தி வளர்ந்த பிள்ளை தவணை கேட்டுப் போன் போடப் போக வேண்டியிருக்கிறது.

நிர்வாகம் என்றால் சோப்பு விற்கத்தான் என்று நினைக்கிறவர்கள் மதுரைக்குப் போய்ப் பாருங்கள். டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை ஹார்வர்டில் பாடமாக வைத்தார்கள். கண் டாக்டர்கள் பல ஊரிலும் உண்டு. அங்கே படித்தது ஏழைக்கு இலவசமாகப் பார்த்தும் கணக்கு எப்படி இடிக்காமல் நின்றது என்பதை.

எதிர்ப்பில் ஒரு நியாயம் உண்டு, மறைக்கவில்லை. பிள்ளையை டீ வாங்கவும் போட்டோ எடுக்கவும் வைத்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. அதனால் என்ன வேலை என்று முன்கூட்டியே எழுதித் தராத இடத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. பேரேட்டை நானே போய்ப் பார்ப்பேன். பஸ் பாஸ் இருக்கிறது, பொழுதும் இருக்கிறது. பிள்ளை பிறகு பெரிய கம்பெனிக்கே போனாலும் போகட்டும். எட்டு வார வேலை முடிந்துவிட்டதே. பிளஸ் டூ நோட்டுகள் வழக்கம்போல ஜூனில் வாங்குவேன், அதில் கை வைக்கவில்லை.

பெரிய கம்பெனிகளில் கணக்குத் துறையில் இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 சட்டம். கல்வியும் கிராம வளர்ச்சியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் கமிட்டியில் இதை ஒரு தடவை வாய் திறந்து கேளுங்கள்.

வரும் கோடைக்கு இரண்டு பிள்ளைகள். ஆளுக்கு 25,000. என் பென்ஷனிலிருந்து 10,000 எடுத்து வைத்துவிட்டேன், மீதி 40,000. கணக்கை இதே பக்கத்தில் ரசீதோடு போடுவேன். "சூப்பர் சார்" என்று எழுதிக் கைகூப்பும் பொம்மை போடுகிறவர்கள் தயவுசெய்து பக்கத்தில் தொகையையும் எழுதவும். அக்கா மகன் பெயரில் 2,000 நானே எழுதிவிட்டேன். மாப்பிள்ளை, மறுப்பிருந்தால் வீட்டுக்கு வந்து சொல்.