ஆளில்லாக் காடு தேடிச் செல்வோர்க்கு

ஆபிரிக்காவுக்கு வனவிலங்கு காணச் செல்லும் உல்லாசப் பிரயாணிகளுக்கென அச்சிடப்படும் ஆயத்தக் குறிப்புகளுள் எதையேனும் எடுத்துப் படித்துப் பாருங்கள். யாவும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. மண்ணிற ஆடை கொண்டு செல்க. கருநீலமும் கறுப்பும் வேண்டா, அந்நிறங்களைச் செற்சி ஈ நாடி வரும். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி ஏற்றிச் சான்றிதழ் பெறுக. மலேரியாத் தடுப்புக் குளிசையைப் புறப்படுமுன்பே தொடங்குக. சிறு விமானங்களில் 15 கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டார்கள். ஆதலால் மடங்கக்கூடிய துணிப் பையிலே பொருட்களை அடக்குக. பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுச் செல்க. கென்யா 2017இலும் தன்சானியா 2019இலும் அவற்றைத் தடை செய்துவிட்டன. தூரநோக்குக் கண்ணாடி, வெயிலுக்குத் தொப்பி, அதிகாலைக் குளிருக்குக் கம்பளிச் சட்டை.

இவற்றிற் பிழையொன்றும் இல்லை. இவற்றைப் புறக்கணித்தவன் வருந்துவான் என்பதும் மெய்யே. எமது வழக்கு வேறு. உடலைப் பேணும் ஆயத்தத்தைப் பக்கம் பக்கமாக விரித்துரைக்கும் இக்குறிப்புகள், தாம் அனுப்பிவைக்கும் மனிதன் எவருடைய நிலத்திற் கால்வைக்கப் போகிறான் என்பதை ஒரு வரியிலேனும் சொல்வதில்லை. சொன்னால் ‘மனிதன் கால்படாத ஆதி வனம்’ என்ற சரக்கு விலைபோகாது. கிழக்கு ஆபிரிக்கப் புல்வெளிகள் ஆளின்றிக் கிடப்பது ஆதியிலிருந்து வந்த நிலையென்று நம்பிப் பணங்கட்டுபவன் ஏமாற்றப்படுகிறான். அந்த வெறுமை நோயாலும் சட்டத்தாலும் துப்பாக்கியாலும் உண்டாக்கப்பட்டது; உண்டாக்கிய ஆண்டுகளும் பதிவில் உள்ளன.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். ‘சபாரி’ என்பது சுவாகிலி மொழியிற் பிரயாணத்தைக் குறிக்கும் சாதாரணச் சொல். அரபு மொழியின் ‘சபர்’ அதன் வேர். எமது நாட்டு முஸ்லிம் மக்களுக்கு அச்சொல் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பகமோயோத் துறையிலிருந்து உள்நாடு சென்று மீண்ட வாணிகக் கூட்டங்களில் யானைத் தந்தம் தலைச்சுமையாகவே கடற்கரைக்கு வந்தது. 1909இல் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தம் மகனோடு கென்யாவில் வந்திறங்கியபோது, ஏறக்குறைய 250 சுமைகாரர் அவருடைய கூடாரங்களையும், தோல் பதனிடும் உப்பையும், அவர் வாசிக்கும் நூற்பெட்டியையும் சுமந்து நடந்தார்கள். தந்தையும் மகனுமாக 500க்கு மேற்பட்ட பெருவிலங்குகளைச் சுட்டு வீழ்த்தினர். விஞ்ஞானத்தின் பொருட்டென்று அமெரிக்க நூதனசாலைக்கு அனுப்பினர். இன்று பிரயாண முகவர் ‘பெரும் ஐந்து’ என்று கூவி விற்கும் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்னும் பட்டியல்கூட வேட்டைக்காரன் வகுத்ததே. காலாற் சென்று சுடுவதற்கு அபாயமான ஐந்து என்பதே அதன் பொருள். காக்கி உடையும் அவ்வாறே. இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்துப் பிரித்தானியப் படை 1840களில் அணிந்த புழுதி நிறச் சீருடை அது. எம்மவருள் வசதி படைத்தோர் இன்று விலை கொடுத்து வாங்கி அணிந்து படம் பிடித்துக்கொள்கிறார்கள்.

முதல் உலக யுத்தத்திலே கிழக்கு ஆபிரிக்காவிற் பிரித்தானியப் படைக்குச் சுமை தூக்கப் பிடித்துச் செல்லப்பட்ட ஆபிரிக்கர் பல்லாயிரக்கணக்கில் நோயாலும் பசியாலும் மாண்டனர். தார் எஸ் சலாம் நகரின் கரியாக்கோச் சந்தையின் பெயர், அந்தச் சுமைகாரர் படையின் ஆங்கிலப் பெயர் சுவாகிலி நாவிலே திரிந்தது. நினைவுப்பொருள் வாங்கச் சந்தை சுற்றுவோர்க்கு வழிகாட்டிப் புத்தகம் இதனைச் சொன்னாற் குறைந்தா போய்விடும்?

நிலத்தின் கதைக்கு வருவோம். 1880களின் பிற்பகுதியில் ஆபிரிக்காவின் வடகிழக்குக் கரையில் இத்தாலியப் படையெடுப்போடு வெக்கை என்னும் மாட்டுக் கொள்ளைநோய் வந்திறங்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் அது தென்முனை வரை பரவிற்று. கிழக்கு ஆபிரிக்க மேய்ப்பரின் மாடுகளிற் பத்தில் ஒன்பது பங்கு மடிந்த இடங்கள் உண்டு. மாட்டை நம்பி வாழ்ந்த மசாய் மக்கள் பஞ்சத்தாலும் அம்மையாலும் அழிந்தனர். மேய்ச்சல் நின்ற நிலத்திற் புதர் மண்டியது. புதரிலே செற்சி ஈ குடியேறியது. அப்போது வந்து சேர்ந்த ஐரோப்பியன் கண்டது அந்த வெறுமையைத்தான். அதனை அவன் ‘இயற்கை’ என்று எழுதிவைத்தான்.

பின்பு சட்டம் வந்தது. கென்யாவில் 1904, 1911 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் மசாய் மக்கள் பள்ளத்தாக்கின் நல்ல மேய்ச்சல் நிலங்களிலிருந்து தெற்கே தள்ளப்பட்டனர். அந்நிலங்கள் வெள்ளைக் குடியேற்றக்காரருக்குப் போயின. 1913இல் மசாய் மக்கள் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் சொன்ன நியாயம் விசித்திரமானது. மசாய் தனி இறைமையுடைய அந்நிய மக்களாம். ஆகவே அவர்களோடு முடி செய்துகொண்ட உடன்படிக்கையை உள்நாட்டு நீதிமன்றம் விசாரிக்க முடியாதாம். நிலத்தைப் பறிக்கும்போது குடிகள், முறையிடும்போது அந்நியர்!

1952 பெப்ரவரியில் அபர்டேர்க் காட்டின் மரவிடுதியில் இளவரசி எலிசபெத் யானை பார்த்திருந்த இரவிலே தந்தை இறந்து அவர் அரசியான கதையைச் சபாரி நூல்கள் தவறாது சொல்லும். புலிவேட்டைக் கதைகளால் எமக்கு அறிமுகமான ஜிம் கோர்பெட் அன்று உடனிருந்தார் என்பதையும் சொல்லும். 1954இல் அவ்விடுதியை மௌ மௌ போராளிகள் எரித்ததைச் சொன்னாலும், ஏன் எரித்தனர் என்பதைச் சொல்லாது. அதே காட்டில் நிலமும் விடுதலையும் கேட்டுப் போராடியவர்கள் அவர்கள். தடுப்பு முகாம்களிற் சித்திரவதை அனுபவித்தோருள் 5,228 பேருக்கு ஏறக்குறைய 2 கோடிப் பவுண் கொடுக்கப் பிரித்தானிய அரசு இணங்கியது 2013இல். அறுபது ஆண்டுகள் சென்றன.

செரங்கெட்டிக்கு வருவோம். உல்லாசப் பிரயாணியின் கனவெல்லாம் அங்கேதான். தங்கனிக்காவைப் பிரித்தானியர் ஆண்டபோது 1951இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அங்கே மாடு மேய்த்த மசாய் மக்கள் தொடர்ந்து வாழலாம் என்று முதலிற் சொல்லப்பட்டது. 1958இல் முதியோர் சிலரிடம் கையொப்பம் வாங்கி, 1959இல் அவர்களை வெளியேற்றினார்கள். பிரதியாக அயலிலுள்ள ங்கொரொங்கோரோ நிலம் காட்டப்பட்டது. அங்கே விலங்கின் நலனும் மனிதர் நலனும் மோதுமாயின் மனிதர் நலனே முந்தும் என ஆளுநர் மசாய் பேரவையில் உறுதி கூறினார். அதே 1959இல் ஜெர்மனியரான பேர்ண்ஹார்ட் கிர்சிமெக் எடுத்த ‘செரங்கெட்டி சாகக்கூடாது’ என்ற திரைப்படம் வெளிவந்து, அடுத்த ஆண்டு ஒஸ்கார் பரிசு பெற்றது. விலங்கெண்ணும் பணியிலே விமானம் விழுந்து மகனைப் பறிகொடுத்த மனிதர் அவர். அவருடைய அன்பை ஐயுறுவதற்கில்லை. ஆயினும் பூங்காவினுள் மனிதர், சுதேசிகளே யாயினும், வாழலாகாது என்பது அவர் கொள்கை. ஐரோப்பிய வீடுகளில் இன்றும் நிலைத்து நிற்கும் ஆபிரிக்கா அந்தக் கொள்கையின் ஆபிரிக்காவே.

‘அப்படிச் செய்யாவிடில் விலங்குகள் எஞ்சியிருக்குமா?’ என்று கேட்பார்கள். நேர்மையான கேள்வி, நேராகவே விடை சொல்வோம். மசாய் மக்கள் வழமையாகக் காட்டு இறைச்சி உண்பதில்லை. அவர்களின் மாடுகளும் வில்டபீஸ்ட் மந்தைகளும் தலைமுறை தலைமுறையாக ஒரே வெளியில் மேய்ந்தவை. 1960களின் தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டரை இலட்சமாயிருந்த வில்டபீஸ்ட், 1970களின் இறுதியில் 13 இலட்சமாயிற்று. காரணம் என்ன? பூங்காவைச் சுற்றியிருந்த மேய்ப்பரின் மாடுகளுக்கு வெக்கைக்குத் தடுப்பூசி ஏற்றினார்கள். மாட்டில் நோய் ஒழிந்ததும் காட்டுக் கன்றுகள் சாவது நின்றது. நல்ல மழையும் துணை செய்தது. ஆற்றைக் கடக்கும் அந்தப் பெருமந்தையைப் படம் பிடிப்பவன், மேய்ப்பனுடைய மாட்டுக்கு இட்ட ஊசியின் பலனையே படம் பிடிக்கிறான். மறுபக்கத்தையும் பாருங்கள். தெற்கே செலூஸ் காப்புநிலம் 2019 வரை ஏறக்குறைய 50,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையதாயிருந்தது. அங்கே மேய்ப்பர் குடியிருப்பு இல்லை. 1970களில் ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்த யானைகள் 2013இல் ஏறக்குறைய 13,000 ஆகிவிட்டன. அவற்றைக் கொன்றது தந்த வாணிகம். வாங்கியோர் கடல் கடந்த பணக்காரர்.

மக்கள்தொகையும் மாடும் பெருகியதால் நிலத்துக்கு நெருக்கடி உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. 1959இல் ங்கொரொங்கோரோவில் ஏறக்குறைய 8,000 பேர். இன்று அத்தொகை பன்மடங்காகிவிட்டது. ஆனால் நெருக்கடியைத் தீர்க்கும் செலவை ஏன் எப்போதும் மேய்ப்பன் ஒருவனே கொடுக்கவேண்டும்? விடுதிகள் பெருகுகின்றன, வாகனங்கள் பெருகுகின்றன. அவற்றை எவரும் 600 கிலோமீற்றருக்கு அப்பால் அனுப்புவதில்லை.

இவ்விடத்தில் எம் தோழர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும் சொல்லவேண்டும். சுதந்திரத் தன்சானியாவும் குடியேற்ற ஆட்சியின் வேலியைப் பிடுங்கவில்லை. முதலைகளைப் பார்த்து விடுமுறை கழிக்கத் தமக்கு விருப்பமில்லை என்று ஒளிக்காமற் சொன்னவர் ஜூலியஸ் நியரேரே. எனினும் வைரத்துக்கும் சிசல் நாருக்கும் அடுத்தபடி விலங்குகளே அந்நியச் செலாவணி தருமென அவர் கண்டார். வறிய நாட்டின் தலைவர் வேறென்ன செய்வார் என்பது விளங்குகிறது. ஆனால் 1975இல் ங்கொரொங்கோரோ மக்கள் தோட்டம் செய்து தானியம் விளைவிப்பதைத் தடுத்த சட்டம் சமதர்ம அரசின் சட்டமே. அதை விளங்கிக்கொள்ளலாம், நியாயப்படுத்த முடியாது.

அக்காலத்துக்குப் பின் வந்தது இன்னும் கொடிது. 1992இல் செரங்கெட்டியை அடுத்த லோலியொண்டோவில் ஐக்கிய அரபு இராச்சியத்தைச் சேர்ந்த வேட்டைக் கொம்பனி ஒன்றுக்கு வேட்டையுரிமை அளிக்கப்பட்டது. மாடு மேய்ப்பது காட்டுக்குக் கேடு, சிங்கத்தைச் சுடுவது கேடில்லை! 2022 யூன் மாதம் அங்கே 1,500 சதுர கிலோமீற்றர் நிலத்துக்கு எல்லைக்கல் நாட்ட ஆயுதம் தாங்கிய படையினர் சென்றனர். பொலிஸ்காரர் ஒருவர் அம்பு பாய்ந்து இறந்தார். மசாய் மக்கள் பலர் துப்பாக்கிக் காயங்களோடு எல்லை கடந்து கென்யாவில் வைத்தியம் தேடினர். அவ்வாண்டு செப்டெம்பரிற் கிழக்கு ஆபிரிக்க நீதிமன்றம் அவர்களின் வழக்கைத் தள்ளியது. 2023 நவம்பரில் மேன்முறையீட்டுப் பிரிவு அத்தீர்ப்பை நீக்கி மீண்டும் விசாரிக்கப் பணித்தது. இதற்கிடையே ங்கொரொங்கோரோ மக்களை ஏறக்குறைய 600 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மசொமேராவுக்கு அனுப்பும் திட்டம் நடந்தது. அவர்கள் தாமாக விரும்பிப் போகிறார்கள் என்றது அரசு. 2024 ஓகஸ்டில் தம் ஊர்ப் பெயர்கள் வாக்காளர் பதிவிலிருந்து நீக்கப்பட்டதைக் கண்டு ஆயிரக்கணக்கானோர் தெருவிலிறங்கிச் சபாரி வாகனங்களை மறித்தனர். விரும்பிப் போகின்றவர் தெருவை மறிப்பார்களா?

இதெல்லாம் கடல் கடந்த கதையென்று நாம் ஆறுதல் கொள்ளவும் இயலாது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது தம் முன்னோரின் வேட்டை நிலத்தை வேடர் இழந்தார்கள். தம்பானையில் எஞ்சியோரை இன்று நாமே வேடிக்கை பார்க்கப் போகிறோம்.

அந்த மலேரியாக் குளிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. ஆகையாற் குளிசையைத் திரும்பி வந்த பின்பும் வைத்தியர் சொன்ன நாள்வரை விழுங்குவது கடமை. காய்ச்சல் கண்டால் ஆபிரிக்கா சென்று வந்ததை முதலிற் சொல்லவேண்டும். ஆனால் விடுதிக்கு வெளியே வாழும் சிறுவனுக்குத் தினம் ஒரு குளிசை கிடைப்பதில்லை. ஆண்டுதோறும் உலகில் மலேரியாவால் இறக்கும் ஏறக்குறைய ஆறு இலட்சம் பேருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆபிரிக்கர். அவர்களிற் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். 2024இல் மசாய் மாராவில் யூலை முதல் டிசெம்பர் வரை அந்நியப் பிரயாணியிடம் நாளொன்றுக்கு 200 டொலர் நுழைவுக் கட்டணம் அறவிடப்பட்டது. அந்த வாயிலுக்கு அருகிலுள்ள கிராமத்து மருந்தகத்தில் என்ன மருந்து இருக்கிறது என்று எந்த ஆயத்தக் குறிப்பாவது கேட்கச் சொல்கிறதா?

போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வாகனச் சாரதிக்கும் சமையற்காரருக்கும் வழிகாட்டிக்கும் பிரயாணியின் பணமே ஊதியம். அதனை நிறுத்தினால் முதலிற் பட்டினி கிடப்பவர் அவர்களே. போகிறவன் பணங்கட்டுமுன் முகவரிடம் சில கேள்விகளைக் கேட்கட்டும். நாம் தங்கும் விடுதியின் நிலம் யாருடையது? மாராவைச் சுற்றி மசாய் குடும்பங்கள் தம் நிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்கு விட்டு நடத்தும் காப்புநிலங்கள் உண்டு. அங்கே தங்கினால் வாடகை நிலக்காரனுக்குப் போகிறது. அங்கும் குத்தகைப் பணம் பெறுபவர் பெரும்பாலும் உறுதிப்பத்திரம் வைத்திருக்கும் ஆண்களே என்பதையும், மாடு மேய்க்கக் கட்டுப்பாடு உண்டென்பதையும் அறிந்தே தெரிவு செய்யட்டும். சாரதிக்கு மாதச் சம்பளம் உண்டா, அல்லது எம் அன்பளிப்பையே சம்பளமென்று கணக்கிடுகிறீரா? ‘மசாய் கிராமம் பார்த்தல்’ என்று நிரலிற் போட்டிருக்கிறதே, அந்தப் பணத்தில் ஆடிக்காட்டும் பெண்களுக்கு எவ்வளவு, அழைத்துச் செல்பவருக்கு எவ்வளவு? லோலியொண்டோ வழியாகவா போகிறோம்?

‘அதெல்லாம் எமக்குத் தெரியாது, சிங்கத்துக்கு நாம் பொறுப்பு’ என்று முகவர் சிரித்தால், முற்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த முகவரிடம் போய் அதே கேள்விகளைக் கேட்கலாம்.