பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

தமிழ் நெடுங்கணக்கில் உள்ள எழுத்துக்கள் 247. அவற்றுள் உருவத்தால் பெரியது, சிறியது என்னும் பேதம் கிடையாது. அரசன் பெயரை எழுதினாலும் ஆண்டியின் பெயரை எழுதினாலும் அகரம் அகரந்தான். வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும் ககரமும் நடுவே நிற்கும் ககரமும் ஒரே வடிவின. நமக்குக் குறிலும் நெடிலும் உண்டு. அவை ஓசையின் அளவைக் காட்டுவனவேயன்றி எழுத்தின் பருமனைக் காட்டுவன அல்ல.

ஆதலின், ஆங்கிலம் கற்கத் தொடங்கும் நம் பிள்ளைகளுக்குக் ‘கப்பிற்றல்’ என்னும் பெரிய எழுத்து முதலில் ஒரு புதிராகவே தோன்றும். ‘எங்கே பெரிதாக எழுதுவது, எங்கே சிறிதாக எழுதுவது?’ என்று அவர்கள் கேட்கும்போது, ‘பெயர் வந்தால் பெரிது’ என்று கூறி நாம் தப்பித்துக்கொள்கிறோம். விஷயம் அத்துடன் முடிவதன்று. அளவெட்டி போன்ற ஓர் ஊரின் பெயரும் அவ்வூரவரின் பெயர்களும் அதனோடு பிணைந்திருக்கின்றன என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

பழைய உரோமர் கல்லில் வெட்டியவை யாவும் பெரிய எழுத்துக்களே. கி.பி. 113 இல் எழுப்பப்பெற்ற திராஜன் வெற்றித் தூணின் அடியில் உள்ள சாசனம் அதற்குச் சிறந்த சான்று. கல்லுக்கு ஏற்ற அவ்வடிவம் விரைந்தெழுதும் கைக்கு ஏற்றதாக இல்லை. நூல்களைப் பிரதி செய்தோரின் கைப்பழக்கத்தில் சிறிய வடிவங்கள் மெல்ல உருவாகி, சார்லிமேன் பேரரசரின் காலத்தில் ஒழுங்கு பெற்றன. பின்பு அச்சு வந்தது. அச்சுக்கோப்போர் தம் முன்னே இரண்டு தட்டுக்களை வைத்திருந்தனர்; மேல் தட்டில் பெரிய எழுத்துக்கள், கீழ்த் தட்டில் சிறியவை. ஆங்கிலத்தில் இன்றும் இவ்விரண்டையும் ‘மேல்தட்டு’, ‘கீழ்த்தட்டு’ எனப் பொருள்படும் சொற்களாலேயே வழங்குகின்றனர்.

யாழ்ப்பாணம் இக்கலையை வெகு காலத்துக்கு முன்பே கண்டது. 1841 ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய ‘உதயதாரகை’, மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் அச்சகத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாயிற்று. ஒரே பத்திரிகையில் ஒரு மொழிக்குப் பெரிதும் சிறிதுமாக இருவகை எழுத்து. மற்ற மொழிக்கு ஒருவகையே. அந்நூற்றாண்டிலேயே நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) ஆங்கில உரைநடையில் வழங்கிய காற்புள்ளி, அரைப்புள்ளி முதலியவற்றைத் தமிழ் வசனத்தில் நிலைபெறச் செய்தார். குறியீடுகள் வந்தன, பெரிய எழுத்து வரவில்லை. அதற்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. மரியாதை காட்டுவதற்குத் ‘திரு’வும் ‘அவர்கள்’ என்பதும் நம்மிடம் முன்பே இருந்தன அன்றோ!

எழுத்தின் பருமனில் மரியாதை காட்டும் வழக்கமும் எல்லா மொழியிலும் ஒன்றாக இல்லை. ஆங்கிலேயர் ‘நான்’ என்னும் சொல்லை எங்கு வந்தாலும் பெரிய எழுத்தில் எழுதுவர். ஜேர்மானியரோ ‘நான்’ என்பதைச் சிறிதாகவும், ‘தாங்கள்’ என்பதைப் பெரிதாகவும் எழுதுவர். அத்துடன், அம்மொழியில் மேசை, நாற்காலி உட்பட எல்லாப் பெயர்ச்சொற்களும் பெரிய எழுத்திலேயே தொடங்கும். அங்கே பள்ளிக்குச் செல்லும் நம்மவர் பிள்ளைகள் ஆங்கில வகுப்பில் ஒரு விதியையும் ஜேர்மன் வகுப்பில் வேறொரு விதியையும் கைக்கொள்ள வேண்டியவராகின்றனர்.

இனி, எந்த எழுத்துப் பணிக்கு எம்முறை ஏற்றது என்பதைக் காண்போம். ஆங்கிலத்தில் முக்கியமான முறைகள் மூன்று. முதலாவது வாக்கிய முறை: வாக்கியத்தின் முதலெழுத்தும் சிறப்புப் பெயர்களின் முதலெழுத்தும் மட்டும் பெரியவை. கடிதம், கட்டுரை, விண்ணப்பம் யாவற்றுக்கும் இதுவே உரியது. இரண்டாவது தலைப்பு முறை: முக்கியமான சொற்கள் ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில் தொடங்கும், ‘அண்ட்’, ‘ஒஃப்’, ‘த’ போன்ற சிறு சொற்கள் தலைப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ நின்றாலன்றிச் சிறியனவாகவே இருக்கும். நூலின் பெயருக்கும் கட்டுரையின் தலைப்புக்கும் இது பொருந்தும். தலைப்பை வாக்கிய முறையில் எழுதுவோரும் உளர். நூலகப் பட்டியல்களில் அதுவே பெருவழக்கு. இரண்டும் பிழையல்ல. ஒரே கட்டுரையில் ஒரு தலைப்பை ஒரு முறையிலும் அடுத்ததை வேறு முறையிலும் எழுதுவதே பிழை.

மூன்றாவது, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதும் முறை. படிவங்களில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாகப் பெயரை எழுதும்போது இது மிகவும் உபயோகமானது; கையெழுத்துக் கோணலாயினும் எழுதுவினைஞர் எழுத்தைத் தவறாக வாசிக்கமாட்டார். ஆயினும் நீண்ட பந்திகளை இவ்வாறு எழுதினால் வாசிப்பவரின் வேகம் குறையும் என்று அமெரிக்க உளவியலாளர் மைல்ஸ் டிங்கர் தம் ஆய்வுகளிற் கண்டார். பிரித்தானியாவில் 1965 இல் புதிய வீதிப் பலகைகள் நடைமுறைக்கு வந்தபோது, ஊர்ப் பெயர்களை முழுவதும் பெரிய எழுத்தில் எழுதிய பழைய வழக்கத்தைக் கைவிட்டு, முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கினர். ஜொக் கின்னியர், மார்கரெட் கல்வேர்ட் என்னும் இருவர் வகுத்த அமைப்பு அது. மின்னஞ்சலிலோ முழுப் பெரிய எழுத்து உரத்துக் கத்துவதற்கு ஒப்பாகக் கருதப்படுகிறது. கல்யாண அழைப்பிதழில் மணமக்கள் பெயர் பெரிய எழுத்தில் இருப்பது அழகு. அழைப்பு வாசகம் முழுவதும் அவ்வாறு இருந்தால், வாசிக்கும் பெரியவர்களின் கண்தான் வருந்தும்.

ஒரு முறையில் எழுதியதை வேறொரு முறைக்கு மாற்றுவது இன்று கணநேர வேலை. கணினியில் ஆங்கிலப் பெரிய ‘ஏ’க்கு 65 என்றும் சிறிய ‘ஏ’க்கு 97 என்றும் எண் உண்டு, இவ்வாறே ஒவ்வோர் இணைக்கும் 32 வித்தியாசம். எனவே பெரிதைச் சிறிதாக்குவது கணினிக்கு வெறுங் கூட்டற் கணக்கு. மைக்ரோசொப்ட் வேர்ட் மென்பொருளில் ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திக்கொண்டு ‘எஃப் 3’ விசையைத் தட்டினால், தெரிந்தெடுத்த பகுதி ஒரு முறையிலிருந்து மறு முறைக்கு மாறும்.

ஆனால் கணக்கு அறிந்த பொறி பொருள் அறியாது. யூ, எஸ் என்னும் இரண்டு எழுத்தும் பெரியனவாயின் அமெரிக்க ஐக்கிய நாடு, சிறியனவாயின் ‘எங்களை’. ‘மார்ச்’ என்பதன் முதலெழுத்துப் பெரிதாயின் மாதம். சிறிதாயின் அணிவகுத்து நடத்தல். முழுவதும் பெரிதாக்கிய ஒரு பந்தியை மீண்டும் சிறிதாக்கினால் இவ்வேறுபாடுகள் திரும்பி வாரா. மனிதர் ஒருவர் இருந்து ஒவ்வொன்றாகத் திருத்தல் வேண்டும். போகும் வழி எளிது. திரும்பும் வழி கடினம்.

இந்த இழப்பு நம் பெயர்களை எவ்வாறு தாக்குகிறது என்று பாருங்கள். அளவெட்டி என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ளகரத்துக்கு ‘எல்’ இடுகிறோம். ‘ட்ட’ வரும் இடத்தில் இரண்டு ‘டி’ எழுதுவது யாழ்ப்பாணத்து வழக்கம், வட்டுக்கோட்டையும் அப்படியே. தமிழ்நாட்டிலோ புதுக்கோட்டைக்கு இரண்டு ‘ரீ’ இடுவர். இவ்வூரின் கும்பழாவளைப் பிள்ளையார் கோயிற் பெயரில் ழகரமும் உண்டு, ளகரமும் உண்டு. இரண்டுக்கும் ‘எல்’ ஒன்றே இட்டால், தமிழறியாத பிள்ளை அப்பெயரை எவ்வாறு உச்சரிக்கும்?

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி இச்சங்கடத்தைத் தீர்க்க ஆங்கில எழுத்துக்களின் கீழே புள்ளியும் கோடும் இட்டது. சாதாரண விசைப்பலகையில் அவை இல்லை. ஆகவே, ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறைகளை வகுத்தோர் பெரிய எழுத்தின் துணையை நாடினர். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் முறையில், சிறிய ‘எல்’ லகரம், பெரிய ‘எல்’ ளகரம்; சிறிய ‘ஆர்’ ரகரம், பெரிய ‘ஆர்’ றகரம். அங்கே பெரிய எழுத்து மரியாதைக்கு வந்ததன்று, ஒலிக்கு வந்தது. சிறிய ‘எல்’லைத் தட்டினால் பல்லி, பெரிய ‘எல்’லைத் தட்டினால் பள்ளி! கலை, களை, காலை, காளை என்னும் நான்கு சொற்களையும் இம்முறையில் எழுத்தின் பருமனைக் கொண்டே வேறுபடுத்தி எழுதிவிடலாம். அவற்றை முழுவதும் பெரிய எழுத்தாக மாற்றினாலோ நான்கும் ஒன்றாகிவிடும். பிறகு எது கலை, எது காளை என்று எவராலும் பிரித்தறிய இயலாது.

கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிப்பதற்கென அமைந்த வரிகளைப் பார்த்திருப்பீர்கள். சர்வதேச விதிப்படி அவ்வரிகளில் 26 பெரிய எழுத்துக்களும் இலக்கங்களும் இடைவெளியை நிரப்பும் ஒரு குறியுமே இடம்பெறலாம். ந, ன, ண மூன்றுக்கும் அங்கே ஒரே எழுத்து. தலையெழுத்தும் தப்புவதில்லை. இவ்வூர் ஈன்ற கவிஞர் மஹாகவியின் இயற்பெயர் து. உருத்திரமூர்த்தி. தமிழில் ‘து’ என்னும் தலையெழுத்துத் தந்தை பெயரின் முதல் ஓசையைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு இடும் ‘ரீ’ தாவா, தியா, துவா என்று சொல்லாது. ‘மூர்த்தி’ என்னும் பகுதியையும் மூவர் மூவிதமாக எழுதக் காண்கிறோம்.

இது வெறும் இலக்கண வாதமன்று. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தனர். அதற்கு முன்னும் பின்னும் கடல் கடந்தோர் பலர். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் வளரும் பேரப் பிள்ளைகள் தம் பாட்டனார் பெயரைப் பத்திரங்களில் பெரிய எழுத்துக்களாக மட்டுமே காண்கின்றனர். அண்ணன் பெயர் ஒருவிதமாகவும் தம்பி பெயர் வேறுவிதமாகவும் பதிந்திருப்பின், காணி உறுதிக்கும் பிறப்பத்தாட்சிக்கும் தொடர்பு காட்டுவது கடினமாகிறது. அவ்வெழுத்துக்களிலிருந்து தமிழ்ப் பெயரை மீட்டெடுக்க எந்தப் பொறியாலும் முடியாது. பெயரை அறிந்த ஒருவர் வீட்டில் இருத்தல் வேண்டும். அவரும் எந்நாளும் இருப்பார் என்பதில்லை.

ஆதலின் பெற்றோர் செய்யத்தக்கவை சில உள. குழந்தையின் பெயருக்கு ஆங்கில எழுத்துக்கூட்டு ஒன்றை முதலிலேயே தீர்மானித்து, பிறப்பத்தாட்சி முதல் கடவுச்சீட்டு வரை அதனையே கையாளுங்கள். படிவம் பெரிய எழுத்தைக் கேட்டால் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கடிதத்தில் முதலெழுத்தை மட்டும் பெரிதாக்குங்கள். கடவுச்சொல்லில் பெரிதும் சிறிதும் வெவ்வேறு என்பதை மறவாதீர்கள். கணினியில் எதனையேனும் முழுப் பெரிய எழுத்துக்கு மாற்றுமுன் மூலப் பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு கொப்பியில் உங்கள் பாட்டன், பாட்டி, அவர்தம் பெற்றோர் ஆகியோரின் பெயர்களையும், ஊரையும், கோயிலையும் முதலில் தமிழில் எழுதுங்கள். பக்கத்தில் பத்திரங்களில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டை எழுதுங்கள். ழகரமா, ளகரமா என்னும் ஐயம் எழுந்தால் வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள். எழுதி முடித்ததும் அதன் பிரதி ஒன்றைக் கடல் கடந்த மாமாவுக்கோ சித்திக்கோ அனுப்பிவையுங்கள்.