உதைத்தாற் போதுமா?

காய்ச்சலாய்க் கிடக்கும் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல ஊவாத் தோட்டத்து லயத்தில் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிளே. மார்கழி விடியலில் அது கிளம்ப மறுக்கிறது. நம்மவர் சோக்கை இழுத்து உதைத்துக்கொண்டே இருப்பதைக் கண்டிருக்கிறோம். உதைக்குப் பணிய அது எருமையன்று! பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரம்; அப்புத்தளையோ 1,400க்கும் மேல். மேலே காற்று மெலிவு. ஆதலால், பதுளையிற் சரிசெய்த கார்புரேட்டர் அங்கே பெற்றோலை மிகையாய்க் கொடுக்கும்.

முதலிற் பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். நனைந்திருந்தால் துடைத்து மாட்டி, சோக்கை விலக்கி, பெற்றோல் குழாயை அடைத்து, அக்சிலேட்டரை முழுதும் முறுக்கி உதைக்கலாம். உலர்ந்திருந்தால் பெற்றோலே வரவில்லை, தாங்கியிலிருந்து தேடவேண்டும். வடகீழ்ப் பருவமழை பிளக் மூடிக்குள் ஈரம் புகுத்துவதும் உண்டு. அதற்கு உலர்ந்த துணி போதும். பிளக்கைத் தீயிற் சுட்டு உலர்த்துவோர் பெற்றோல் தாங்கியை விட்டு நெடுந்தூரம் செல்வாராக.