கலியாணப் படமும் கடிகாரமும்

தில்லியில் கலியாணம் நடத்தும் நம்மவர் மண்டபத்துக்கும் சமையற்காரருக்கும் ஆறு மாதம் முன்பே அலைகிறார்கள். புகைப்படக்காரரை மட்டும் கடைசியில் தேடிப்போய், "ஒரு வேளைக்கா இவ்வளவு?" என்று மலைத்து நிற்கிறார்கள். அந்த மலைப்பைப் பற்றி இம்மாதம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

பிலிம் சுருள் இருந்த காலத்தில் 120 என்னும் சுருளில் சதுரப் படமாக 12 தான் எடுக்கலாம். படக்காரர் எண்ணி எண்ணி எடுத்தார். நாமும் பிரதிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்தோம். இன்று ஒரு முகூர்த்தத்துக்கு ஓராயிரம், ஈராயிரம் படங்கள் சர்வ சாதாரணம். ஆகவே, இப்போது நாம் விலைக்கு வாங்குவது படத்தை அன்று, படக்காரரின் பொழுதை. ஒரு நாள் எடுத்தவற்றைப் பொறுக்கி, நிறம் திருத்தி, ஆல்பமாக அடுக்கப் பல நாட்கள் ஆகும். உடன்வரும் உதவியாளருக்கும் விடியோ எடுப்பவருக்கும் கூலி வேறு. முகூர்த்த நாட்களோ ஆண்டில் மிகச் சில. அந்தச் சில நாட்களின் வரும்படியில் ஆண்டு முழுவதும் அவர் குடித்தனம் நடக்கவேண்டும்.

இங்கே நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. வடநாட்டார் ஆடியையொட்டி வரும் ஏகாதசி முதல் ஐப்பசி அல்லது கார்த்திகையில் வரும் தேவ உத்தான ஏகாதசி வரை விவாகம் செய்வதில்லை. நமக்கு நல்ல மாதமான ஆவணி இந்த இடைவெளியில் விழுகிறது. பங்குனியும் அவர்களுக்குக் கர்மாஸ் என்னும் விலக்கு மாதமே. இவ்விரு மாதங்களிலும் உள்ளூர்ப் படக்காரர்கள் ஓய்வாக இருப்பார்கள். விலை பேசிக் குறைக்க இடமுண்டு. கார்த்திகையிலும் தையிலும் அந்தப் பேச்சே எடுக்க வேண்டாம். அப்போது ஊரெங்கும் பாண்டு வாத்தியம்தான்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் நேரம். இவ்வூர்க் கலியாணம் மாலையில் தொடங்கும். பராத் ஊர்வலம், மாலை மாற்றல், விருந்து எல்லாம் முடிந்து, மணமக்கள் அக்கினியை வலம் வரும்போது பெரும்பாலும் நள்ளிரவு கடந்துவிடும். நம் பத்திரிகையிலோ "காலை 6-00 மணிக்குமேல் 7-30 மணிக்குள்" என்று அச்சிட்டிருக்கும். விடியற்காலை மூன்று மணி வரை ஓரிடத்தில் விளக்குப் பிடித்துவிட்டு, ஐந்து மணிக்கு நம் மண்டபத்துக்கு வருபவரின் கண் எப்படித் திறந்திருக்கும்? எனவே முன்பணம் கொடுக்குமுன் அவரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "முதல் நாள் இரவு தங்களுக்கு வேறு வேலை உண்டா?" என்பதே. வருவது அவர்தாமா, அவர் அனுப்பும் வேறொருவரா என்பதையும் அப்போதே தெளிவுபடுத்திக்கொள்வது நலம்.

தாலி கட்டுவது ஒரு நிமிடங்கூட நீடிப்பதில்லை. அந்நேரத்தில் பெரியோரெல்லாம் எழுந்து நெருங்குவர், அட்சதை பறக்கும், போதாக்குறைக்கு ஆளுக்கொரு கைப்பேசி உயரும். நம் சடங்கறியாத படக்காரர் அப்போதுதான் மின்கலம் மாற்றிக்கொண்டிருப்பார்! சடங்குகளை நேர வரிசைப்படி இந்தியில் எழுதி முந்தின நாளே கொடுத்துவிடலாம். இந்தி நன்றாகப் பேசும் நம் பிள்ளைகளில் ஒருவரை அவரருகில் நிறுத்தி, கெட்டிமேளம் ஒலித்தால் வேறெதையும் பார்க்கக்கூடாது என்று சொல்லிவைக்கலாம். மேடைக்கு முன்புறத்தைக் காலியாக வைத்திருக்க இரண்டு இளைஞர்கள் போதும்.

வரவேற்பில் ஒரு குடும்பம் மேடையேறி, நின்று, இறங்க 2 நிமிடம் என்றாலும், 60 குடும்பங்களுக்கு 2 மணி நேரம் போய்விடுகிறது. அதற்குள் ஊரிலிருந்து வந்த முதியோர் களைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், திருநெல்வேலியிலிருந்து பேத்தியின் கலியாணத்துக்கு வந்த பாட்டியார் அன்றிரவே தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஏறிவிட்டார். மறு ஆண்டு அவர் காலமானார். மாலையிட்டு வைக்க ஒரு படம் வேண்டுமென்று ஆல்பத்தைப் புரட்டினார்கள். ஆயிரம் படங்களில் ஒன்றே ஒன்றில், யாரோ ஒருவரது தோளுக்குப் பின்னால், அந்த அம்மையாரின் பாதி முகம் தெரிந்தது. உறவினர் தொலைதூரத்தில் இருக்கும் நம் போன்ற குடும்பங்களுக்கு அலங்கார மேடைப் படங்களைவிட இவையே முக்கியம். முகூர்த்தம் முடிந்தவுடன், மேடையில் கூட்டம் சேருமுன், முதியோர்களை அமரவைத்து முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள். பெயர்ப்பட்டியல் கையிலிருந்தால் 20 நிமிடத்து வேலை.

பேசியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்: எத்தனை மணி நேரம், மிகுதி நேரத்துக்கு என்ன கட்டணம், ஆல்பத்தில் எத்தனை தாள், எந்நாளில் கைக்கு வரும், வரி சேர்த்தா சேர்க்காமலா என்பன அதில் இருக்கட்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே படத்தின் உரிமை. ஆகவே தாளில் வேறுவிதமான வாசகம் நுழைந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்த பின்பே கையொப்பமிடுங்கள்.

இன்னொன்று. விடியுமுன் வந்து பகல் வரை நிற்கும் அந்த மனிதருக்கு முதற் பந்தியிலேயே இலை போடுங்கள். எல்லோரும் வாயில் கவளத்தோடு இருக்கும் அந்த அரைமணியில் படமெடுக்க ஒன்றும் இராது.